மறுமுனையில் இருப்பவர் மனமறிந்து பேசுவோம்

கடை வாசலில் வந்து நிற்கும் வாடிக்கையாளரைப் பார்த்த மாத்திரத்தில் நமக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். நடையில் அவசரம் தெரியும். முகத்தில் கவலை தெரியும். கொண்டுவந்திருக்கும் பைகளை வைத்தே எவ்வளவு சரக்கு எடுப்பார் என்று கணக்குப் போட்டுவிடுவோம். பிறர் வாய்விட்டுச் சொல்லாததைக் குறிப்பால் உணர்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. அரசவையில் இருப்பவருக்கும் வேண்டும், காதலருக்கும் வேண்டும் என்றால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு வேண்டாமா?

ஆனால் இன்று மொத்த வியாபாரத்தின் பெரும்பகுதி முகம் பார்க்காமலேயே நடக்கிறது. சில்லறைக் கடைக்காரர் போனில் பட்டியல் சொல்கிறார். நாம் சிட்டையில் எழுதுகிறோம். வண்டி கிளம்புகிறது. பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்கிறது. ஆறு மாதம் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே வியாபாரம் செய்யும் கடைகள் உண்டு. முகம் தெரியாத இடத்தில் குரல்தான் முகம். அந்தக் குரலில் இருக்கும் மனநிலையை அறிந்து, அதற்கு இசைவாக நம் குரலையும் அமைத்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றி நம் அனுபவத்தையும் அறிஞர்கள் கண்டறிந்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

டிரங்கால் பேச்சு

சென்னையில் தொலைபேசி நிலையம் 1882ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று திறக்கப்பட்டது. ஆனாலும் நம்மைப் போன்ற சிற்றூர் வணிகர்களுக்குப் போன் என்பது வெகுகாலம் டிரங்கால்தான். பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்போம். இணைப்புக் கிடைத்தால் மூன்று நிமிடக் கணக்கு. குசலம் விசாரிக்க நேரம் ஏது? 'துவரை என்ன விலை? உளுந்து எத்தனை மூட்டை? லாரி ஏத்தியாச்சா?' என்று உரக்கக் கத்திவிட்டு வைத்துவிடுவோம்.

1984இல் சி-டாட் நிறுவப்பட்டு, நம் நாட்டிலேயே தயாரான சிறிய தொலைபேசி நிலையங்கள் கிராமங்களை எட்டின. தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் வந்தது. கள்ளக்குறிச்சிக்கு 04151 என்ற எண் பழகிப்போனது. 1995 ஜூலை 31 அன்று நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு பேசப்பட்டது. இன்று பேச்சு மலிந்துவிட்டது. ஆனால் நம்மில் பலர் இன்னும் டிரங்கால் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்று நிமிடக் கட்டணம் போய்விட்டது, அந்த அவசரமும் கத்தலும் மட்டும் நாக்கில் தங்கிவிட்டன.

மலைக்கடைகளின் நிலை

2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக இயங்குகிறது. மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு மற்றும் சுற்றியுள்ள சிற்றூர்களில் மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் பலர் சமவெளியில் உள்ள மொத்தக் கடைகளை நம்பித்தான் இருக்கிறார்கள். ஒருவர் நேரில் இறங்கி வருவதென்றால் அன்றைக்குக் கடையை அடைக்க வேண்டும், இல்லையேல் வீட்டுப் பெண்களிடம் விட்டுவிட்டு வர வேண்டும். ஆகவே போன்தான் அவருக்குக் கடைவீதி.

மலையில் சில இடங்களில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். சிக்னல் பிடிக்கும் மேட்டுக்கு நடந்து வந்து நின்று பேசுபவரும் உண்டு. அவரை 'ஒரு நிமிஷம் இருங்க' என்று காத்திருக்க வைத்துவிட்டு வேறு ஒருவருக்கு எடை போட்டால், அவர் மனம் என்ன பாடுபடும்? மேலும் மலைக்கடையின் வரவு மரவள்ளிக் கிழங்கு, மக்காச்சோளம் போன்ற வெள்ளாமையின் விலையோடு பின்னிக் கிடக்கிறது. கிழங்கு விலை படுத்தால், இரண்டு வாரத்தில் அது கடைப் பாக்கியில் தெரியும். அதற்கும் முன்பாகவே கடைக்காரரின் குரலில் தெரிந்துவிடும்.

சுருதி சேர்ப்பதும் ஜால்ரா போடுவதும்

கச்சேரி தொடங்குமுன் வித்வான்கள் முதலில் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். பாட்டு பிறகுதான். போன் பேச்சிலும் அப்படித்தான். எதிர்முனைக் குரலின் வேகம், உயரம், கனம் ஆகியவற்றைக் கவனித்து அதன் பக்கத்தில் நம் குரலை வைப்பதே சுருதி சேர்ப்பது. அவர் சொல்வதற்கெல்லாம் 'ஆமாம் ஆமாம்' போடுவது ஜால்ரா. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கேட்பவருக்கு நன்றாகவே தெரியும்.

மனிதர்கள் ஒருவரை ஒருவர் அறியாமலே பின்பற்றுகிறார்கள் என்பதை 1999இல் சார்ட்ரண்ட், பார்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் சோதித்துக் காட்டினார்கள். கூட இருப்பவர் காலை ஆட்டினால் நாமும் ஆட்டுகிறோம். அவர் முகத்தைத் தடவினால் நாமும் தடவுகிறோம். இப்படிப் பின்பற்றப்பட்டவருக்கு எதிரில் இருப்பவர் மீது விருப்பம் கூடுகிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமான சோதனை ஒன்று நெதர்லாந்து நாட்டில் நடந்தது. ரிக் வான் பாரன் என்பவரும் அவரது குழுவினரும் 2003இல் அதை வெளியிட்டார்கள். ஓர் உணவு விடுதியில் பரிமாறும் பெண், சில மேசைகளில் வாடிக்கையாளர் சொன்ன பட்டியலை அவர்கள் சொன்ன சொற்களாலேயே திருப்பிச் சொன்னார். மற்ற மேசைகளில் 'சரி' என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொன்ன மேசைகளில் கிடைத்த இனாம் கணிசமாக அதிகம்!

நம் கடையில் இதை எப்படிப் பயன்படுத்துவது? மலைக்கடைக்காரர் 'அஸ்கா ரெண்டு மூட்டை' என்றால், நாமும் 'அஸ்கா ரெண்டு மூட்டை' என்றே திருப்பிச் சொல்வோம். 'சர்க்கரை நூறு கிலோவா?' என்று கேட்டால் அவர் ஒரு கணம் தயங்கி, மனக்கணக்குப் போட்டு, பிறகு 'ஆமாம்' என்பார். அவர் சொல்லை அவரிடமே திருப்பிக் கொடுத்தால் இரண்டு லாபம். நம்மைச் சரியாகக் கேட்டுக்கொண்டார்கள் என்ற நிம்மதி அவருக்கு. பட்டியலில் பிழை நேராது என்ற நிம்மதி நமக்கு.

நான்கு வகை அழைப்புகள்

அவசரம்: கடையில் கூட்டம் நிற்கும்போது பேசுபவரின் சொற்கள் துண்டு துண்டாக வரும். அவரிடம் 'என்னண்ணே, சௌக்கியமா, மழை எப்படி?' என்று ஆரம்பித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். 'சொல்லுங்கண்ணே, எழுதறேன்' என்று சுருக்கமாகத் தொடங்குவோம். அவர் வேகத்துக்கு எழுதிக்கொண்டு, முடிவில் ஒரு முறை மட்டும் படித்துக் காட்டுவோம்.

கோபம்: 'நேத்து வந்த உளுந்துல வண்டு இருக்கு!' என்று ஒருவர் சீறுகிறார். நாமும் சீறினால் சண்டை. 'அப்படியெல்லாம் வர வாய்ப்பே இல்லையே' என்று குளிர்ந்த குரலில் சொன்னால் அது சண்டையைவிட மோசம். கோபத்தில் சூடு உண்டு, கனமும் உண்டு. சூட்டை விட்டுவிட்டுக் கனத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 'வண்டா? நாலு பேருக்கு விக்கிற சரக்காச்சே! எத்தனை மூட்டைண்ணே? பிரிச்சதை அப்படியே கட்டி வைங்க. செவ்வாய்க்கிழமை வண்டியில மாத்தி அனுப்பறோம்.' விஷயத்தை அவரைப் போலவே நாமும் பெரிதாக எடுத்துக்கொண்டோம் என்று தெரிந்தால், அவர் குரல் தானாக இறங்கும்.

துக்கம்: கல்யாணப் பட்டியலும் காரியப் பட்டியலும் காகிதத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அரிசி இத்தனை சிப்பம், பருப்பு இத்தனை, எண்ணெய் இத்தனை. குரலில்தான் வித்தியாசம். போன் எடுக்கும் பையன் அதைக் கவனிக்காமல், 'என்னண்ணே, வீட்ல விசேஷமா? பெரிய பட்டியலா இருக்கே!' என்று உற்சாகமாகக் கேட்டுவிட்டால், பல வருட உறவில் ஒரு முள் தைத்துவிடும். தணிந்த குரலில் பட்டியல் வந்தால் தணிந்த குரலிலேயே எழுதிக்கொள்வோம். அவராகச் சொன்னால் இரண்டு வார்த்தை ஆறுதல் போதும். அதற்கு மேல், சரக்கை ஒரு நாள் முன்னதாகவே கொண்டுபோய் இறக்குவதுதான் உண்மையான ஆறுதல்.

கவலை: இதுதான் கண்டுபிடிக்கக் கடினமானது, நமக்கு மிகவும் முக்கியமானதும் இதுதான். கவலையில் இருப்பவர் கவலையைச் சொல்ல மாட்டார். மலையில் சிறு கடை நடத்தும் ஓர் அம்மா வாரந்தோறும் பதினைந்து இருபது அயிட்டம் சொல்பவர். ஒரு வாரம், 'பருப்பும் எண்ணெயும் மட்டும் போதுங்க' என்றார். குரலில் பாதிதான் வெளியே வந்தது. எங்கள் கடையில் போன் எடுத்தவர் விலை சொல்லி வேறு சரக்கைத் தள்ளப் பார்க்கவில்லை. அதே தணிந்த குரலில், 'சரிங்கம்மா, பருப்பும் எண்ணெயும். குரல் ஒரு மாதிரியா இருக்கே, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?' என்று கேட்டார். சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு விஷயம் வந்தது. கிழங்கு விலை படுத்துவிட்டது. கடனுக்கு வாங்கியவர்கள் யாரும் கொடுக்கவில்லை. நம் பாக்கியைக் கேட்டுவிடுவோமோ என்ற பயத்தில் நான்கு நாட்களாகப் போன் செய்யவே தயங்கியிருக்கிறார்.

அன்றைக்கே பழைய பாக்கியை எட்டு வாரத் தவணையாகப் பிரித்தோம். புதுச் சரக்குக்கு மட்டும் ரொக்கம் என்று பேசி முடித்தோம். அந்தக் கடை நின்றது, நம் கணக்கும் நின்றது. அந்தக் குரலைக் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த வாரம் போன் வந்திருக்காது. பயந்துபோன கடன்காரர் வேறு கடைக்குப் போய்விடுவார், பழைய பாக்கி பேரேட்டிலேயே உறங்கும். இது நம் தொழிலில் எல்லோரும் கண்ட உண்மை.

எதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது?

முதலாவது, பேச்சு வழக்கு. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. அவர்கள் தமிழில் அவர்களுக்கே உரிய சொற்களும் இழுப்பும் உண்டு. சுருதி சேர்க்கிறேன் பேர்வழி என்று அதே இழுப்பில் பேசிக் காட்டுவது சுருதி ஆகாது, கேலி ஆகிவிடும். ஜாகிர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்து, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்த மலை அது. கீழ்நாட்டார் தங்களை மட்டமாகப் பேசுவது அங்குள்ள பெரியவர்களுக்குப் புதிது அல்ல. ஆகவே அவர் வேகத்தை எடுத்துக்கொள்வோம், அவர் சொன்ன சரக்குப் பெயரை எடுத்துக்கொள்வோம். உச்சரிப்பு நம்முடையதாகவே இருக்கட்டும். வயதில் மூத்தவரை 'ஐயா', 'அம்மா' என்றும், மற்றவரை 'அண்ணே', 'அக்கா', 'தம்பி' என்றும் 'வாங்க, போங்க' மரியாதையோடு அழைப்போம். மலைக்காரர் என்பதற்காக ஒருமையில் பேசும் பழக்கம் யாரிடமாவது மிச்சம் இருந்தால் அதை இன்றே விட்டொழிக்க வேண்டும்.

இரண்டாவது, பீதி. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் நம் எல்லோர் கடையிலும் போன் ஓயவில்லை. 'இருக்கிறதை எல்லாம் போடுங்க, என்ன விலைன்னாலும் பரவாயில்லை' என்றார்கள். அந்தப் பீதியை அப்படியே நாமும் எதிரொலித்திருந்தால் ஊரே பதுக்கலில் இறங்கியிருக்கும். அத்தகைய நேரத்தில் அவர் நிற்கும் படிக்கு ஒரு படி கீழே நின்று பேச வேண்டும். 'ஆமாண்ணே, நிலைமை கவலையாத்தான் இருக்கு. பருப்பு இருக்கு. எல்லாக் கடைக்கும் அளந்து அனுப்பறோம், உங்களுக்கும் வரும்.' முதல் வாக்கியத்தில் அவர் மனநிலையை ஏற்றுக்கொண்டோம். அடுத்த வாக்கியங்களில் அவரைக் கைபிடித்து இறக்கினோம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோதும், பழைய விலை அச்சிட்ட சரக்கை என்ன செய்வது என்று கேட்டு வந்த அழைப்புகளுக்கு இதே முறை உதவியது.

மூன்றாவது, நம்மிடம் இல்லாத உணர்ச்சி. அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ், எதிரில் இருப்பவர் உணர்வதை அவருக்கே புரியும்படி திருப்பிச் சொல்லும் முறையை வளர்த்தவர். அந்த முறையைச் சிலர் வெறும் கிளிப்பேச்சாக்கிவிட்டதைக் கண்டு அவரே பின்னாளில் வருந்தினார். சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் சிநேகா அமைப்பில், மனமுடைந்து போன் செய்பவர்களிடம் தொண்டர்கள் பேசுகிறார்கள். அங்கே முதல் வேலை பொறுமையாகக் கேட்பதுதான். நமக்கும் அதே பாடம். முதலில் காது, பிறகுதான் வாய்.

வசூல் போன்

நம் பக்கத்திலிருந்து செய்யும் அழைப்புகளில் கடினமானது வசூல்தான். பாக்கிக்காரர் நம் எண்ணைப் பார்த்ததுமே கூசிப்போகிறார். 'அடுத்த வாரம் தரேங்க' என்று குரல் சுருங்குகிறது. அந்தக் கூச்சத்துக்கு இசைவாக நம் குரலையும் தணித்துக்கொள்வது நாகரிகம். கடையில் நான்கு பேர் நிற்கும்போது தொகையை உரக்கச் சொல்லக் கூடாது. அவர் பக்கத்திலும் வாடிக்கையாளர் நிற்கக்கூடும் என்பதால் ஸ்பீக்கரில் போடவே கூடாது. 'இப்ப பேசலாமாண்ணே?' என்று கேட்டுவிட்டே தொடங்குவோம்.

தணிந்து பேசுவது என்றால் தளர்ந்து பேசுவது அல்ல. 'உங்க கஷ்டம் புரியுது. எந்தக் கிழமை, எவ்வளவு முடியும்னு நீங்களே சொல்லுங்க' என்று கேட்டு, அவர் சொன்ன நாளையும் தொகையையும் அவர் சொற்களிலேயே திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். நாம் குறித்த தவணையைவிடத் தன் வாயால் சொன்ன தவணையைக் காப்பாற்றவே மனிதன் அதிகம் முயல்வான்.

கடை ஊழியர்களுக்குப் பழக்க வேண்டியவை

1. போனை எடுத்ததும் கடைப் பெயரைச் சொல்லி, அழைத்தவர் யார் என்று தெரிந்தால் உறவு சொல்லி வரவேற்பது.

2. முதல் வாக்கியத்தை முழுவதும் கேட்ட பிறகே பேசுவது. மனநிலை அந்த முதல் வாக்கியத்தில்தான் இருக்கிறது.

3. சொன்ன பட்டியலைச் சொன்ன சொற்களிலேயே திருப்பிச் சொல்வது.

4. மலை அழைப்பு என்றால், 'கட் ஆனால் நாங்களே கூப்பிடறோம்' என்று முதலிலேயே சொல்லி, சொன்னபடி கூப்பிடுவது.

5. சிரித்த முகத்தோடு பேசுவது. சிரித்துக்கொண்டு பேசும்போது குரல் மாறுவதைக் கேட்டே கண்டுபிடிக்க முடியும் என்பது 1980இலேயே சோதித்து அறியப்பட்ட விஷயம். ஆனால் துக்கக் குரலுக்குச் சிரிப்பு ஆகாது.

6. வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலில் வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் குறைந்தோ கூடியோ இருந்தால், ஒரு முறை போன் செய்து குரலைக் கேட்டுவிடுவது. எழுத்தில் குரல் இல்லை.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மனத்தில் இல்லாத உணர்ச்சியை நாள் முழுவதும் குரலில் காட்டச் சொன்னால் ஊழியர் உள்ளே மரத்துப்போவார். விமானப் பணிப்பெண்களிடம் இதை ஆராய்ந்து ஆர்லி ஹோக்சைல்ட் என்ற அம்மையார் 1983இல் புத்தகமே எழுதினார். ஆகவே போன் எடுப்பவரை மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். வசைபாடிய அழைப்புக்குப் பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நாம் அவர்களிடம் பேசும் தொனியில்தான் அவர்கள் வாடிக்கையாளரிடம் பேசுவார்கள்.

ஓர் எச்சரிக்கை

இதே கலை திருடர்களுக்கும் தெரியும். போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லிப் போன் செய்பவர்கள், முதலில் நம்மைப் பதற வைக்கிறார்கள், பிறகு அந்தப் பதற்றத்தைப் புரிந்துகொண்டவர்கள்போல் உருகுகிறார்கள். 'டிஜிட்டல் கைது' மோசடி பற்றிப் பிரதமரே 2024 அக்டோபர் 27 வானொலி உரையில் எச்சரித்தார். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. நம் மனநிலையை அறிந்து இதமாகப் பேசுபவர் அந்த இதத்தின் முடிவில் பணமோ ஓ.டி.பி. எண்ணோ கேட்டால், போனை வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

நல்லவன் பேச்சையும் திருடன் பேச்சையும் பிரிப்பது எது? பேச்சுக்குப் பின்னால் வரும் செயல்தான். வண்டு உளுந்துக்கு வருத்தப்பட்டவர் செவ்வாய்க்கிழமை வண்டியில் மாற்று மூட்டையை ஏற்றினாரா? கிழங்கு விலைக்குக் கவலைப்பட்டவர் தவணை கொடுத்தாரா? சரக்கு வராத இடத்தில் இனிக்கும் குரல் இரண்டாவது முறை எடுபடாது.

வணிகப் பெருமக்களே! பெரிய கம்பெனிகள் செயலி வழியே பட்டியல் வாங்கிச் சரக்கை இறக்கும் காலம் இது. விலையில் அவர்களோடு எல்லா நாளும் போட்டியிட நம்மால் இயலாது. ஆனால் பட்டியலில் இரண்டு அயிட்டம் குறைந்ததைக் கண்டு, 'குரல் ஒரு மாதிரியா இருக்கே' என்று கேட்க நம்மால் முடியும். நாளைக் காலை முதல் போன் வரும்போது, பேனாவை எடுக்குமுன் அந்த முதல் வாக்கியத்தை முழுமையாகக் கேட்போம். செலவு ஏதும் இல்லை. வரவு பேரேட்டிலேயே தெரியும்.